எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாத ரயில்

எட்டாவது 'பி'யில் என்னோடு உட்கார்ந்திருந்த உங்களில் பாதிப் பேருக்கு இப்போது முன்நெற்றியில் முடி இல்லை. மீதிப் பேருக்குத் தொப்பை. போன மாதம் பெருமாநல்லூர் கல்யாணத்தில் எல்லோரையும் ஒன்றாகப் பார்த்தபோதுதான் நாம் முப்பதை நெருங்கிவிட்டோம் என்பது எனக்கு உறைத்தது. பந்தியில் உங்களில் ஒருவன் கேட்டான்: "ஏன்டா, பெரிய இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே, அப்புறம் எதுக்குடா எங்ககூடவே ஒம்பதாவதுல வந்து உக்கோந்தே?"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நுழைவுத் தேர்வில் கணக்கில் கோட்டை விட்டேன் என்று அன்றைக்குச் சொன்ன பொய்யையே இன்னொரு தடவையும் சொன்னேன். நுழைவுத் தேர்வு என்று ஒன்று நடக்கவே இல்லை. நடந்தது வேறு. அதை ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் எனக்குப் போன் போட்டு, "பழசையெல்லாம் விடுடா" என்று சொல்ல வேண்டாம்.

அப்பா திருப்பூரில், நல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். அதே கம்பெனியில் எலக்ட்ரீசியனாக இருந்தவர் பெரியப்பா. கூடப் பிறந்தவர் இல்லை, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தெற்கே மழை இல்லாமல் கிடந்த எங்கள் ஊரிலிருந்து அப்பாவைத் திருப்பூருக்குக் கூட்டிவந்தவர் அவர்தான். முதல் ஒரு வருஷம் அப்பா அவர் வீட்டில்தான் படுத்தார், அவர் வீட்டில்தான் சாப்பிட்டார். "அண்ணாச்சி இல்லன்னா நாம இல்ல" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது அப்பா சொல்லாமல் இருக்க மாட்டார். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்தேன்.

எட்டாவது படித்த அந்த வருஷம், ஆகஸ்ட் வாக்கில், முதலாளிக்கு, பனியன் வாங்க வரும் ஜெர்மனி பையர் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பொம்மை ரயில். பொம்மை என்று சொல்வதே பாவம். கையகல நீளத்தில் இரண்டு எஞ்சின்கள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ஜன்னல் கம்பி வரைக்கும் அச்சு அசலாக இருக்கும். வெள்ளி நிறத் தண்டவாளத் துண்டுகள், நாலு பெட்டி, ஒரு கருப்புக் கண்ட்ரோல் பெட்டி, திருகும் குமிழோடு கைக்கு அடக்கமான ரிமோட். பெட்டியைத் திறந்ததும் வந்த புது பிளாஸ்டிக்கும் மிஷின் ஆயிலும் கலந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஆபீஸில் யாருக்கும் அதை ஓட்டத் தெரியவில்லை. மேனேஜர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "பூராம் ஜெர்மனுங்க" என்று கீழே வைத்துவிட்டார். சம்பளக் கவர் வாங்கப் போயிருந்த அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"எம்பையன் வாசிப்பான் மொதலாளி" என்றாராம்.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். நான் எதை வாசிக்கிறேன், எந்த பாஷையில் வாசிக்கிறேன் என்பதெல்லாம் அப்பாவுக்கு ஒரே விஷயம். நல்லவேளை, புத்தகத்தின் நடுவில் இருபது பக்கம் இங்கிலீஷில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிங் டேபிள் காலியாக இருக்கும். முப்பதடி நீளத்துக்குத் துணி விரிக்கிற மேஜை. அதன் மேல்தான் தண்டவாளத்தை வட்டமாகக் கோர்த்தேன். அகராதியை ஒரு பக்கம், புத்தகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக முன்னேறினேன். உங்களுக்கும் இது புரிய வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு நடந்தது புரியாது. பழைய மாதிரி பொம்மை ரயிலில் குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் கரண்ட் கூடும், வண்டி வேகமாகும், குறைத்தால் நிற்கும். அவ்வளவுதான். இது டிஜிட்டல். தண்டவாளத்தில் எந்நேரமும் முழுக் கரண்ட் இருக்கும். நிற்கிற எஞ்சினிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும். கரண்ட்டோடு சேர்ந்து, அதே இரண்டு தண்டவாளத்தில், உத்தரவும் போகும். மூன்றாம் நம்பர் மெதுவாக முன்னே போ, ஏழாம் நம்பர் நில். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு போர்டு. தன் நம்பர் காதில் விழுந்தால் மட்டும் அது மோட்டாரைத் திறந்துவிடும்.

முதல் ஞாயிறு இரண்டு எஞ்சினையும் எதிரெதிரே வைத்துக் குமிழைத் திருகினேன். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பி, முகத்தோடு முகம் மோதிக் கவிழ்ந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. தயாரித்த இடத்திலிருந்து வரும்போது இரண்டுமே மூன்றாம் நம்பராகத்தான் வரும் என்று மறுநாள்தான் புத்தகத்தில் படித்தேன்.

அப்பாவுக்குச் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டு யோசித்தார். பனியன் கம்பெனியில் ஆளுக்கொரு டோக்கன் நம்பர் உண்டு. "ரெண்டு பேருக்கும் ஒரே டோக்கன் நம்பரக் குடுத்திருக்கான். கூப்புட்டா ரெண்டு பேரும்லா ஓடியாருவானுவ?" என்றார்.

அடுத்த ஞாயிறு பச்சைக்கு ஏழு என்று நம்பர் மாற்றினேன். அதற்குப் பிறகு மூன்றைக் கூப்பிட்டால் ஒருவரும் அசையவில்லை. ஏழைக் கூப்பிட்டால் இரண்டும் ஓடின. மதியம் வரை மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பஞ்சுத் தூசி வேறு சக்கரத்தின் அச்சில் நூலாகச் சுற்றிக்கொள்ளும். அதை அம்மாவின் ஊசியால் எடுத்துக்கொண்டே இருந்தேன். அப்பா சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர், கையை நீட்டிச் சிவப்பைத் தண்டவாளத்திலிருந்து தூக்கினார். "ஒருத்தன வெளிய நிப்பாட்டிட்டு இன்னொருத்தனுக்குக் குடுலே. ரெண்டு பேரும் உள்ள நின்னா ரெண்டு பேரு காதுலயும்லா விழும்?"

அவர் சொன்னதுதான் சரி. சிவப்பை வெளியே வைத்துவிட்டுப் பச்சைக்கு ஏழு. பச்சையை வெளியே வைத்துவிட்டுச் சிவப்புக்கு மூன்று. அன்றைக்குச் சிவப்பு நின்றது, பச்சை மட்டும் ஒரு சுற்று வந்தது. அப்பா விசில் அடித்தார். அவர் விசில் அடித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்பாவுக்குப் புரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. புத்தகம் படித்த என்னைவிட அவருக்கு நன்றாகப் புரிந்தது.

செப்டம்பரில் முதலாளி ஒருநாள் வந்து பார்த்தார். இரண்டு எஞ்சினும் ஒரே தண்டவாளத்தில், ஒன்று மெதுவாக, ஒன்று அதைத் துரத்திக்கொண்டு. குழந்தை மாதிரி மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏன் கண்ணு, நீ எந்தப் பள்ளிக்கூடம்?" என்றார். சொன்னேன். "அவினாசி ரோட்டுப் பக்கம் பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருக்குதல்ல, அதோட தாளாளரு நம்ம பங்காளிதான். ஆயுத பூஜையன்னைக்கு எல்லாருத்துக்கும் முன்னால இதைய ஓட்டிக் காட்டு. வர்ற ஜூன்ல நீ அங்க ஒம்பதாவது. பீசு கீசெல்லாம் நாம் பாத்துக்கறேன். செரியா?"

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று சாயந்திரம் அம்மா கேசரி கிண்டினாள். மறுநாள் உங்களிடமெல்லாம் வந்து அளந்தேன். ஞாபகம் இருக்குமே.

இப்போது என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் சிவப்பு முக்கோணம் போட்டு ஒரு எச்சரிக்கை இருந்தது. ஆபீஸ் அலமாரியில் பழைய பொம்மை ரயில் ஒன்றின் கரண்ட் பெட்டி கிடந்தது. வண்டி உடைந்து போய்ப் பெட்டி மட்டும் மிச்சம். யாராவது எடுத்துவிடப் போகிறார்கள் என்று பயந்து, பனியன் பேக்கிங் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மேஜை ஓரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டேன்: 'இந்தத் தண்டவாளத்தில் வேறு எந்தக் கரண்ட் பெட்டியையும் இணைக்கக் கூடாது. இணைத்தால் எஞ்சின் எரிந்துவிடும்.'

பெரியப்பா வந்தார். எழுத்துக் கூட்டி, உரக்க வாசித்தார்.

"எவம்லே எழுதுனது?"

"நாந்தான் பெரியப்பா."

பக்கத்தில் இருந்த டெய்லர் ஒருவர் சும்மா இருக்காமல், "அண்ணாச்சி, பதினஞ்சு வருச எலக்ட்ரீசியனுக்கே பையன் போர்டு மாட்டிட்டானே!" என்றார். செக்ஷனே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். என் தலையில் தட்டினார். கொஞ்சம் பலமாகவே தட்டினார். இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. பெரியவர்களின் கௌரவம் எங்கே இருக்கிறது, எதில் இடறும் என்பதெல்லாம் பதிமூன்று வயதுக்குத் தெரிய வேண்டும் என்றால் எப்படி?

ஆயுத பூஜை. மிஷினையெல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பொரியும் கடலையும் மூட்டை மூட்டையாக வந்திறங்கியிருந்தன. பீகார் பையன்கள் புதுச் சட்டையில் ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இஸ்திரி போட்ட யூனிபார்மில் ரிமோட்டோடு மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன்.

பெரியப்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். இரண்டு எஞ்சின் முகத்திலும் மூன்று விரல் பட்டை. அதோடு விட்டாரா? தண்டவாளத்தில் அடிக்கொரு பொட்டு.

"பெரியப்பா, தண்டவாளத்துல வேண்டாம், சக்கரத்துக்குக் கரண்ட் ஏறாது" என்றேன்.

முதலாளியம்மா திரும்பி, "சாமி காரியத்துக்கு வேண்டாம்னு சொல்லப்படாது கண்ணு" என்றார்.

அப்புறம் முதலாளி சொன்னார், "வண்டின்னா எலுமிச்சம்பழம் ஏத்தோணுமல்லங்க?" லாரிக்கு வைப்பது போல எஞ்சினுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழம் எஞ்சினை விட உயரம். சிவப்பைக் கிளப்பினேன். அது போய்ப் பழத்தை முட்டித் தள்ளியது. பழம் ஒரு சாண் உருண்டு நின்றது. எஞ்சின் சக்கரம் சும்மா சுற்றியது. ஒரே சிரிப்பு. முதலாளிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "ரயிலே பழத்துக்கு வழிவிடுதுங்களே!"

அதுவரைக்கும் எனக்கும் சந்தோஷம்தான். பெரியப்பா விடவில்லை. பழத்தை அறுத்து, மெல்லிசாக ஒரு வில்லையைத் தண்டவாளத்தின் மேல் வைத்தார். சிவப்பு அதில் ஏறி வழுக்கியது. சாறும் சந்தனமும் சேர்ந்து சக்கரமெல்லாம் பசை. ஹெட்லைட் மினுக் மினுக் என்று அடித்தது. ஓடியது, நின்றது, துள்ளியது, நின்றது.

"தொடச்சாச் செரியாயிருமுங்க, அஞ்சே நிமிசம்" என்றேன் முதலாளியிடம்.

"செரி கண்ணு, தொடச்சு வை. நாங்க போய்ப் பூசணிக்காய் சுத்திப் போட்டுட்டு வந்தர்றோம். வந்தொடனே ஓட்டோணும்."

எல்லோரும் கேட்டுக்குப் போனார்கள். நான் வேஸ்ட் துணியால் தண்டவாளத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். அப்பா எஞ்சின்களின் சக்கரத்தைத் துடைத்து மறுபடி தண்டவாளத்தில் ஏற்றினார். ஏழெட்டு அடி துடைத்திருப்பேன். நிமிர்ந்தால், பெரியப்பா அந்தப் பழைய கரண்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பின்னால் ஒயர் இழுபட்டுக்கொண்டு வருகிறது.

"கரண்டு பத்தலலே. இதயும் சேத்து ஒரு கை குடுத்தா எலுமிச்சம்பழம் என்ன, தேங்காயே ஏறும்."

"பெரியப்பா வேண்டாம்! எரிஞ்சிரும்! போர்டு எழுதியிருக்கேன் பாருங்க!"

"போர்டாம்லா போர்டு." ஒயரின் முனையைப் பல்லால் சீவினார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். "அப்பா, சொல்லுங்கப்பா!"

அப்பா சொன்னார். என்னிடம் சொன்னார். "நீ சும்மா இருலே. அவுகளுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். எந்த மிஷினுக்கு எது ஆகாது என்று சத்தத்தை வைத்தே சொல்கிற மனுஷன்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. நகம் வெட்டுவது போல இரண்டு தடவை. 'சிக்', 'சிக்'. இரண்டு ஹெட்லைட்டும் அணைந்தன. சிவப்பின் கூரையிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை. சந்தன வாசனையும் எலுமிச்சை வாசனையும் கருகிய பிளாஸ்டிக் நாற்றமும் ஒன்றாக வந்தன. பெரியப்பா கையில் ஒயரோடு அப்படியே நின்றார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கேட் பக்கம் பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது.

அப்பா எவ்வளவு வேகமாக வேலை செய்தார் தெரியுமா? ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். பழைய பெட்டியை மேஜைக்கு அடியில் துணி மூட்டைக்குள் தள்ளினார். அப்புறம் என் போர்டை நூலோடு அறுத்து, இரண்டாக மடித்து, புது வேட்டியின் மடிப்புக்குள் சொருகிக்கொண்டார். இந்தக் கடைசி வேலைதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அதற்கப்புறம் அடித்தது ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

முதலாளி உள்ளே வந்து, "என்னாச்சுங்க, கருகுன வாசம்?" என்றார்.

"பையன் ஏதோ செட்டிங்க மாத்திட்டான் மொதலாளி" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே கன்னத்தில் அறைந்தார். எல்லோரும் பார்க்க. பீகார் பையன் ஒருவனின் செல்போன் அப்போதும் நீட்டியபடிதான் இருந்தது.

"அட விடுங்க, நல்ல நாளும் அதுவுமா புள்ளைய அடிச்சுட்டு!" என்று முதலாளிதான் தடுத்தார். என் தோளைப் பிடித்து ஆபீஸ் ரூமுக்குள் கூட்டிப் போய், கண்ணாடிக் கதவைச் சாத்தி, எனக்கு நேராகக் குனிந்து கேட்டார். "நெசத்தச் சொல்லு கண்ணு. நாந் திட்ட மாட்டேன். நீதான் பண்ணுனியா?"

கேட்டார். அந்த மனுஷன் கேட்டார். ஒரு வார்த்தை போதும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிடவில்லை, தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. சும்மா நின்றார். வேட்டி மடிப்பின் மேல் ஒரு கை இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

முதலாளி நிமிர்ந்தார். "செரி போ. பொரி வாங்கிக்கோ."

மே மாதம் அப்பா ஸ்கூல் விஷயமாகப் போய் நின்றபோது முதலாளி மரியாதையாகத்தான் பேசினாராம். "பையன் கெட்டிக்காரன்தானுங்க. கொஞ்சம் அவசரக்காரன். அந்தப் பள்ளிக்கூடம் ரொம்பக் கண்டிசனுங்க. இங்கயே படிக்கட்டுமுங்களே." கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் என்ன செய்ய முடியும்? ஜூனில் உங்கள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தேன். நுழைவுத் தேர்வு என்று சொன்னேன். ஒருவன் எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னான். அந்தப் பன்னைத் தின்றது எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

உங்களோடு படித்ததில் எனக்குக் குறையில்லை. அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிப்ளமோ முடித்தேன், இன்றைக்குத் துணிக்குச் சாயம் ஏற்றும் ஒரு டையிங் பாக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மோட்டாருக்கு மோட்டார் நம்பர் கொடுத்து, ஒரே கேபிளில் எல்லாவற்றையும் பேச வைக்கிற வேலை. ஒவ்வொன்றாக வெளியே நிறுத்தித்தான் நம்பர் கொடுக்கிறேன். யாரிடம் கற்றேன் என்று சூப்பர்வைசர் கேட்டால் காலேஜில் என்று சொல்கிறேன். அப்பாவின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன பொங்கலுக்கு ஒரு வழியாக அப்பாவிடம் கேட்டேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நேராகவே கேட்டேன். அவர் மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. பதில் தயாராக இருந்தது.

"அவுகளச் சொல்லியிருந்தா அன்னைக்கே அவுக வேல போயிருக்கும். மூணு பொம்பளப் புள்ள அவுகளுக்கு. நீ சின்னப் புள்ள. சின்னப் புள்ள தப்புப் பண்ணா வேலய விட்டா நிப்பாட்டுவாவ?"

"எனக்கு என்ன போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியலயாப்பா?"

அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நீதான் படிச்சிட்டியேலே" என்றார்.

பெரியப்பா இன்னும் இருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி அவர் வீட்டுக்குப் போய் விழுந்து கும்பிடச் சொல்வார் அப்பா. போகிறேன். கும்பிடுகிறேன். "நல்லா இருலே" என்று என் தலையில் கை வைப்பார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நாந்தாம்லே பண்ணேன்" என்று சொல்லியிருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

இவ்வளவையும் இன்று ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு தடவை அப்பா எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"காலையில இருந்து என்னத்தலே எழுதுத?"

"ஆயுத பூஜையன்னைக்கு நடந்தத."

"வாசி" என்றார்.

முதல் வரியிலிருந்து வாசித்தேன். எதையும் தாண்டவில்லை, எந்த இடத்திலும் குரலைக் குறைக்கவில்லை. விசில் அடித்த இடத்தை வாசித்தேன். போர்டை மடித்த இடத்தை வாசித்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றதை வாசித்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடித்துவிட்டுக் காகிதத்தை மேஜை மேல் வைத்தேன். ஏதாவது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அண்ணாச்சி பேரு எங்கயும் எழுதலல்ல?" என்றார்.

"இல்ல."

"அப்பச் சரி" என்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்.